தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு: ஒகினாவாவின் குடும்பக் கராத்தே பிழைத்த கதை

கேள்வி: கராத்தேயில் ஒரே குடும்பத்துக்குள், அப்பா மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த அரிய முறைகள் உண்மையிலேயே இருந்தனவா? இருந்தால் அவை எப்படி அழியாமல் நம் காலம் வரை வந்தன? வெளியாட்களுக்குத் திறந்துவிட்டால் கெட்டுப்போய்விடாதா?

இருந்தன, இன்றும் இருக்கின்றன. கராத்தே பிறந்த தீவான ஒகினாவாவில் "எங்கள் வீட்டுக் கலை" என்று சொல்லிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஆனால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பெயர் சொல்லித் தொடரக்கூடிய முறைகள் கொஞ்சம்தான். அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நகாயிமா குடும்பத்தின் ரியூயெய் ரியூ. இன்னொன்று மோட்டோபு அரச குடும்பத்தின் உடூன்டி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டையும் பல தலைமுறை காத்துக் கொடுத்தது குடும்பம்தான். ஆனால் கடைசிவரை குடும்பத்துக்குள்ளேயே வைத்திருந்தால் இரண்டுமே இன்று இருந்திருக்காது. சரியான நேரத்தில் ஒரு வெளியாள் உள்ளே வந்ததால்தான் அவை பிழைத்தன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். "1609இல் ஜப்பானின் சத்சுமா படை ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசைப் பிடித்தது, ஆயுதங்களைத் தடை செய்தது, அதனால் மக்கள் ரகசியமாகக் கராத்தே பயின்றார்கள்" என்பது எல்லா டோஜோவிலும், அதாவது பயிற்சிக்கூடத்திலும், சொல்லப்படும் கதை. படையெடுப்பு உண்மை. ஆனால் குடும்ப ரகசியத்துக்கு அதை மட்டும் காரணமாகச் சொன்னால் பொருந்தவில்லை. மோட்டோபு குடும்பம் அரசனின் சொந்த ரத்தம். அவர்களும் தங்கள் கலையை மூடித்தான் வைத்திருந்தார்கள், அதுவும் சொந்தத் தம்பிகளிடமிருந்தே. கலை என்பது அங்கே ஒரு சொத்து. பட்டமும் பதவியும் போலவே அதுவும் மூத்த மகனுக்குப் போகும். அந்தக் கண்ணோடு பார்த்தால் மற்றதெல்லாம் புரியும்.

நகாயிமா குடும்பத்துக்கு வருகிறேன். நாஹா நகரத்தில் குமே என்று ஒரு பகுதி உண்டு. சீனத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த இடம். ரியூக்யூ அரசின் சீனத் தொடர்பு, மொழிபெயர்ப்பு, கப்பல் பயணம், தூது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அங்கே செல்வாக்கான ஒரு வீட்டில் பிறந்தவர் நகாயிமா நோரிசாத்தோ. 19ஆம் நூற்றாண்டில், இளைஞராக இருந்தபோதே, படிப்புக்காக ஃபூஜோ நகரத்துக்குப் போனார். ஃபூஜியான் மாகாணத்தின் துறைமுக நகரம் அது. ரியூக்யூக்காரர்கள் தங்குவதற்கென்றே அங்கே ஒரு விடுதி இருந்தது. அங்கே ரியூ ரியூ கோ என்று ஒகினாவாக்காரர்கள் அழைத்த ஆசிரியரிடம் பல ஆண்டுகள் தங்கிக் கற்றார். ஊர் திரும்பும்போது வெறுங்கைக் கலையோடு பல ஆயுத முறைகளையும் கொண்டு வந்தார்.

இந்த ரியூ ரியூ கோ என்ற பெயர் கோஜு ரியூ பயில்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹிகாவோன்னா கன்ரியோவும் ஃபூஜோவில் அவரிடம்தான் கற்றார் என்பது கோஜு ரியூ பயிலும் எங்கள் மரபு. கன்ரியோவின் மாணவர் மியாகி சோஜுன்தான் கோஜு ரியூவை நிறுவியவர். ஆக, ஒரே ஆசிரியரின் பெயரைச் சொல்லும் இரண்டு கிளைகள். ஒன்று மாணவர்கள் வழியாக வெளியே பரவி, இன்று சென்னையிலும் கோவையிலும் கொழும்பிலும் பிள்ளைகள் வெள்ளைப் பெல்ட் கட்டிக்கொண்டு செய்யும் கராத்தே ஆயிற்று. இன்னொன்று ஒரே வீட்டின் முற்றத்தில் தங்கிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சான்சின், செய்சான் போன்ற கட்டாக்கள், அதாவது தனியாகச் செய்யும் வரிசை அசைவுகள், இரண்டிலும் உண்டு. ஆனால் அனான், ஓஹான், பாச்சூ, ஹெய்கூ, பாய்கூ, பாய்ஹோ ஆகியவை கோஜு ரியூவில் கிடையாது. கோஜு ரியூவில் மூச்சைக் கேட்கும்படி விட்டு, தரையில் வேரூன்றி நின்று செய்யும் இடங்கள் அதிகம். ரியூயெய் ரியூவில் வேகமாக உள்ளே நுழைந்து கோணம் மாறி நகர்வது கண்ணில் படும். மூலம் ஒன்றாக இருந்தாலும், பல வீடுகளில் வளர்ந்த கலையும் ஒரு வீட்டில் வளர்ந்த கலையும் எவ்வளவு தூரம் பிரிந்து போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நோரிசாத்தோவிடமிருந்து மகன் கென்ச்சூவுக்கு வந்தது. அவர் காலம் 1856 முதல் 1953 வரை. கென்ச்சூவிடமிருந்து கென்கோவுக்கு வந்தது. அவர் 1911இல் பிறந்து 1989இல் மறைந்தவர். இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கென்கோவுக்கு 20 வயதாகும்போது கென்ச்சூவுக்கு 75 வயது. குடும்பக் கலை பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் விஷயம் இது. அந்தக் கலை அடுத்த தலைமுறையை அடைந்ததற்குக் கென்ச்சூவின் நீண்ட ஆயுளும் ஒரு காரணம். அவர் 60 வயதில் போயிருந்தால் கென்கோவுக்கு அப்போது 5 வயது. கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1879இல் ஜப்பான் ரியூக்யூ அரசைக் கலைத்து ஒகினாவா மாவட்டமாக்கியது. 1901இல் கராத்தே ஆசிரியர் இத்தோசு அன்கோ அதை ஷூரி தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுபோனார். 1908இல் அதன் நன்மைகளை விளக்கிப் பத்து அம்சங்கள் கொண்ட கடிதம் எழுதினார். பிள்ளைகளுக்காகப் பினான் கட்டாக்களை அமைத்தார். 1922இல் ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவில் செய்து காட்டி, அங்கேயே தங்கிக் கற்பிக்கத் தொடங்கினார். ஒகினாவாவின் கராத்தே முழுக்க வீட்டிலிருந்து பள்ளி மைதானத்துக்கும், மைதானத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்லிச் செய்விக்கும் முறை அப்போது வந்ததுதான். ஐம்பது பேரை ஒரே நேரத்தில் பயிற்றுவிக்க அது தேவைப்பட்டது. ஆனால் ஐம்பது பேரின் தோளையும் இடுப்பையும் ஒருவர் தொட்டுத் திருத்த முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் வடிவம் முக்கியமாயிற்று. உள்ளே நடப்பது பின்னுக்குப் போனது.

நகாயிமா வீடு இந்த ஓட்டத்தில் சேரவில்லை. பட்டம், பெல்ட், சீருடை, சங்கம் எதுவும் இல்லை. அவர்களுடைய கலைக்குப் பொதுவில் தெரிந்த ஒரு பெயர்கூட அப்போது கிடையாது. பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கு அது என்னவென்றே தெரியாதபோது பெயர் எதற்கு? ரியூயெய் ரியூ என்ற பெயரெல்லாம் பிறகு, வெளியாட்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தபோது வந்தது.

இப்படி ஒதுங்கி இருந்ததால் கிடைத்த நன்மை பெரிது. உதாரணமாக டின்பே, ரோச்சின் என்ற ஆயுத இணை. இடது கையில் சிறிய கேடயம், வலது கையில் குட்டையான ஈட்டி. பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாத கலை அது. போட்டிக்கும் பொருந்தாது. வெளியே பரவிய முறைகள் பலவற்றில் ஆயுதப் பயிற்சி தனியாகப் பிரிந்து கோபுடோ என்ற வேறு வகுப்பாகிவிட்டது, இல்லையென்றால் விடுபட்டே போய்விட்டது. நகாயிமா வீட்டில் யாரும் "இது இனி எதற்கு" என்று கேட்கவில்லை. அப்பா செய்ததை மகன் செய்தான். வெறுங்கையும் ஆயுதமும் ஒரே பாடமாகவே கடைசிவரை இருந்தன.

ஆனால் ஒதுங்கி இருந்ததன் ஆபத்தும் அதே அளவு பெரிது. 1944 அக்டோபர் 10ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் நாஹாவைத் தாக்கின. நகரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் எரிந்தது. குமே அந்த நகரத்துக்குள் இருக்கும் பகுதி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தரைப்போர் தொடங்கி ஜூன் இறுதிவரை நடந்தது. ஒகினாவா மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தார். பல கராத்தே ஆசிரியர்கள், அவர்களின் மூத்த மாணவர்கள், அவர்களோடு சேர்ந்து அவர்களுக்கு மட்டுமே தெரிந்த கட்டாக்கள் எல்லாம் அந்த மூன்று மாதத்தில் போயின. கோஜு ரியூவில் மியாகியின் வாரிசாகக் கருதப்பட்ட ஷின்சாட்டோ ஜின்ஆனும் அந்தப் போரில்தான் இறந்தார். மியாகிக்கு வேறு மாணவர்கள் இருந்ததால் கோஜு ரியூ நின்றது. நகாயிமா கலைக்கு அப்போது இருந்த பாதுகாப்பு, கென்ச்சூ என்ற முதியவரும் கென்கோ என்ற ஒருவரும்தான். ஒரு குண்டு போதும். யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அதற்காக அழக்கூட ஆள் இருந்திருக்காது.

கென்கோ இதை ஆழமாக உணர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1971இல் அவர் அதுவரை வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தார். ஏறக்குறைய 20 பேரைக் கூட்டி, குடும்பத்துக் கலையை அவர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்பது முக்கியம். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். ஏற்கெனவே கராத்தேயில் தேர்ந்தவர்கள் பலர். பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. ஆர்வத்தில் வந்தவர்களை எல்லாம் உள்ளே விடவும் இல்லை. கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களை அழைத்தார். அப்போது அவருக்கு 60 வயது. தனக்கு மிச்சமிருக்கும் காலத்தில் புதிதாக ஒருவரை முதல் படியிலிருந்து உருவாக்க முடியாது. ஆனால் உடலை ஏற்கெனவே பண்படுத்தியவர்களிடம் ஒப்படைத்தால், அவர்கள் கலையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். மிக நல்ல தீர்ப்பு அது. ஒரு மரபைக் காப்பாற்ற நினைக்கும் எவரும் இந்த ஒரு முடிவைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கலாம்.

அந்தத் திறந்த கதவு வழியாக உள்ளே போனவர்தான் சகுமோட்டோ ட்சுகுவோ. 1984, 1986, 1988 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் தொடர்ந்து தனிநபர் கட்டாவில் தங்கம். அனான் என்ற கட்டாவை உலகம் முதன்முதலாகப் பார்த்தது அவர் வழியாகத்தான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு வீட்டைத் தாண்டாத கட்டா அது. அவரிடம் பதின்ம வயதில் வந்து சேர்ந்தவர் கியூனா ரியோ. 2014, 2016, 2018, 2021 என்று நான்கு உலகப் பட்டங்கள். 2021 ஆகஸ்ட் 6ஆம் தேதி, டோக்கியோவின் நிப்போன் புடோகானில், ஒலிம்பிக் கராத்தேயின் ஆண்கள் கட்டா இறுதிச் சுற்றில் ஸ்பெயினின் டமியான் கின்டேரோவை வென்று தங்கம் வாங்கினார். அன்று அவர் செய்தது ஓஹான் டாய் என்ற கட்டா. பதக்கம் வாங்கும்போது மறைந்த அம்மாவின் படத்தைக் கையில் வைத்திருந்தார். ஒகினாவாவில் பிறந்த ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது அதுவே முதல்முறை. குமேயில் ஒரு வீட்டுக்குள் இருந்த கலை அந்தத் தீவுக்கு அதைக் கொடுத்தது. இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, இப்போது கேள்வியின் கடைசிப் பகுதி. திறந்துவிட்டதால் கெட்டுப்போனதா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டேன்.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டிப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டாக்கள் உள்ளன. அனான், ஓஹான், பாச்சூ, ஹெய்கூ, பாய்கூ எல்லாம் அதில் உண்டு. போட்டியில் ஒரு சுற்றில் செய்ததை அடுத்த சுற்றில் திரும்பச் செய்ய முடியாது. அதனால் போட்டியாளர்கள் தங்கள் முறைக்குள் இல்லாத கட்டாக்களையும் தேடிப் போகிறார்கள். அனான் வேகமானது, பார்க்க அழகானது. நம் ஊர்ப் போட்டிகளிலும் ஷிட்டோ ரியூ என்ற வேறொரு முறையைப் பயின்ற பிள்ளைகள் அதைச் செய்வதைப் பார்க்கலாம். அவர்களில் பலர் காணொளி பார்த்துக் கற்றவர்கள். ரியூயெய் ரியூவின் சான்சினை அவர்கள் ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக் விதிப்படி மதிப்பெண்ணில் 70 சதவீதம் நுட்பத்துக்கும் 30 சதவீதம் உடல்திறனுக்கும் போனது. நடுவர் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். அவர் கண்ணுக்கு எட்டுவதுதான் மதிப்பெண். ஆகவே நிற்கும் நிலை ஆழமாகிறது. நிறுத்தம் நீளுகிறது. கையின் கடைசி அசைவு கூர்மையாகிறது. இவை எதுவும் பொய்யல்ல, அசுர உழைப்பு. ஆனால் கென்ச்சூ தன் வீட்டில் செய்திருக்கக்கூடிய அனானும் இதுவும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆனாலும் கென்கோ திறந்தது சரிதான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஏனென்றால் போட்டி மேடையில் தெரிவது அந்த முறையின் ஒரு சிறு பகுதி. மேடைக்குப் பின்னால் டின்பேயும் ரோச்சினும், "சாய்" என்ற முக்கவர் ஆயுதமும், கோலும் சேர்ந்த முழுப் பாடமும் ஒகினாவாவில் இன்னும் கற்பிக்கப்படுகிறது. கியூனாவே தன் அசைவுகளின் வேரைத் தேடி ரியூக்யூ நடனம் கற்றுக்கொண்டவர். மேடை அந்த டோஜோக்களுக்கு மாணவர்களைக் கொண்டு வருகிறது. அவர்களில் பத்தில் ஒருவர் ஆழமாகப் போனால்கூட, குடும்பத்துக்குள் இருந்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு ஆட்கள்.

இன்னொரு கதைக்கு வருகிறேன். இது இன்னும் விசித்திரமானது.

மோட்டோபு உடூன் என்பது ரியூக்யூ அரசர் ஷோ ஷிட்சுவின் ஆறாவது மகன், இளவரசர் மோட்டோபு சோஹெய் தொடங்கிய கிளைக் குடும்பம். 17ஆம் நூற்றாண்டு. அந்த வீட்டுக் கலைதான் உடூன்டி. ஒரு தலைமுறையில் ஒரே ஒரு பிள்ளைக்கு, மூத்த மகனுக்கு மட்டும். அடுத்த பிள்ளைகளுக்குக் கிடையாது. பார்க்கவும் இது நாம் அறிந்த கராத்தே போல இருக்காது. முழங்காலை மடக்கி ஆழமாக உட்காராமல் நிமிர்ந்தபடி நடந்துகொண்டே அடிக்கும் முறை. நின்று நின்று செய்வதில்லை. நடை நிற்கவே நிற்காது. பிடித்து மடக்கி வீழ்த்தும் நுட்பங்கள், வாள், ஈட்டி எல்லாம் உண்டு. மேல்நிலையில் கைகள் அரசவை நடனத்தின் கைகளைப் போலவே அசையும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் வாரிசு மோட்டோபு சோயூ. அவருடைய தம்பி சோக்கி. கராத்தே படித்தவர்களுக்குச் சோக்கியைத் தெரியாமல் இருக்காது. 1870இல் பிறந்தவர், தெருச் சண்டைக்குப் பேர்போனவர், 50 வயதுக்கு மேல் கியோட்டோவில் ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீரரை வீழ்த்தியவர். அந்தச் சோக்கிக்குக் குடும்பக் கலை கிடைக்கவில்லை. மூன்றாவது மகன் என்பதே காரணம். ஆகவே அவர் இத்தோசு, மட்சுமோரா கோசாகு என்று வெளி ஆசிரியர்களைத் தேடிப் போய்க் கற்றார். நினைத்துப் பாருங்கள். தன் காலத்தின் மிகச் சிறந்த சண்டைக்காரர்களில் ஒருவர் சொந்த வீட்டிலேயே இருக்கிறார். விதி அவரைத் தொடவிடவில்லை.

விதிக்கு உட்பட்ட பிள்ளைகளோ கைக்கு அகப்படவில்லை. சோயூவின் மகன் சோமோ ஒகினாவாவை விட்டு ஜப்பானின் வகயாமாவில் வாழ்ந்தார். அரசு போய், மானியம் போய், பழைய பெருங்குடும்பங்கள் பிழைப்புக்காகச் சிதறிய காலம் அது. வயதாகிக்கொண்டிருந்த சோயூ ஒரு முடிவு எடுத்தார். தன்னிடம் சிறுவனாக வந்து வீட்டு வேலை செய்துகொண்டு பயின்ற உயெஹாரா செய்கிச்சிக்கு உடூன்டியைக் கற்றுக்கொடுத்தார். 1904இல் பிறந்தவர், குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர். ஆனால் கொடுத்தது அவரே வைத்துக்கொள்வதற்கு என்று இல்லை. "இதை என் மகனிடம் கொண்டுபோய்ச் சேர்" என்ற பொறுப்போடு. 1920களின் நடுவில் இளைஞர் செய்கிச்சி வகயாமாவுக்குப் போய், ஆசிரியரின் மகனுக்கே ஆசிரியரானார்.

அதன் பிறகு அவர் பிலிப்பீன்ஸுக்குப் பிழைப்புத் தேடிப் போனார். போர் முடிந்து 1947இல் ஒகினாவா திரும்பியபோது சோயூ இல்லை. சோமோவும் போருக்குப் பலியாகியிருந்தார். மோட்டோபு அரச குடும்பத்தின் கலை, அந்தக் குடும்பத்தைச் சேராத ஒரே ஒருவரின் உடலில் மட்டும் இருந்தது. அவர் அதைத் தன் பெயரில் புதிய முறையாக்கி நடத்தியிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஒகினாவாவில் அப்போது புதுப்புதுப் பெயர்களில் முறைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. அவர் மோட்டோபு பெயரையே வைத்தார். டோஜோ திறந்து வெளியாட்களுக்கும் கற்பித்தார். அதே நேரத்தில் குடும்பத்து வாரிசைத் தேடினார். கிடைத்தவர் சோக்கியின் மகன் சோசெய். ஆமாம், மூன்றாவது மகன் என்று ஒதுக்கப்பட்ட அதே சோக்கியின் பிள்ளை. 1925இல் பிறந்து ஒசாகா பக்கம் வாழ்ந்த சோசெய், அப்பாவின் கராத்தேயை அப்பாவிடமே கற்றவர். நடுத்தர வயதில் உயெஹாராவிடம் வந்து உடூன்டியைக் கற்றுக்கொண்டார். 2003இல் உயெஹாரா தலைமைப் பொறுப்பை முறைப்படி அவரிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு, 2004இல், தன் 100ஆவது வயதில் கண்மூடினார்.

சோயூ ஒப்படைத்த பொறுப்பு நிறைவேற ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. இவ்வளவு காலம் ஒரு மனிதர் ஒரு சொல்லைச் சுமந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் படுகிறது. குடும்பக் கலை என்றால் ரத்தம் என்று நாம் நினைக்கிறோம். இங்கே ரத்த உறவுள்ளவர்கள் சிதறிவிட்டார்கள். வீட்டு வேலைக்கு வந்த பையன் காப்பாற்றிக் குடும்பத்தின் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

ரத்த வாரிசு இருந்தாலே எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. உயெச்சி ரியூவைப் பாருங்கள். உயெச்சி கன்புன் 1897இல் ஃபூஜோவுக்குப் போய் 1910இல் திரும்பினார். பல ஆண்டுகள் யாருக்கும் சொல்லித்தராமல் இருந்து, வகயாமாவில் வேலைக்குப் போன இடத்தில் ஒகினாவாக்காரர்களின் வற்புறுத்தலால் கற்பிக்கத் தொடங்கினார். அவர் மகன் கன்எய் அதை மிகச் சிறப்பாக வளர்த்தார். ஆனால் கன்எய் 1991இல் மறைந்ததும், தலைமை குடும்பத்துக்கா மூத்த மாணவர்களுக்கா என்ற இழுபறியில் இயக்கம் பிரிந்தது. ஒரு பகுதியினர் ஷோஹெய் ரியூ என்ற புதுப் பெயரில் போனார்கள். கட்டாக்கள் ஒன்றுதான், சங்கங்கள்தான் பல.

அப்படியானால் குடும்பக் கற்பித்தலில் தனியாக என்னதான் இருக்கிறது? என் அனுபவத்தில், நேரம். கோஜு ரியூ பயின்று, பிறகு என் பிள்ளைகளுக்கும் மற்றவர்களின் பிள்ளைகளுக்கும் சொல்லித்தருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளையை வாரத்தில் சில மணி நேரம் பார்க்கிறேன். வீட்டில் இருக்கும் பிள்ளை தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது தோள் மேலே ஏறுவதைப் பார்க்கிறேன். படியேறும்போது பாதம் எப்படி விழுகிறது என்று பார்க்கிறேன். சான்சினில் அந்தப் பிள்ளை ஏன் தடுமாறுகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம், பிள்ளைக்குச் சலிப்பு வந்தாலும் அவ்வளவு எளிதாக விட்டுப் போக முடியாது. சலிப்பைத் தாண்டி வரும்வரை காத்திருக்கும் பொறுமை அப்பா அம்மாவுக்கு மட்டும்தான் இருக்கும்.

இதில் ஒரு அபாயமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒருவரிடம் மட்டும் கற்றால் அவருடைய உடலின் குறைகளும் சேர்ந்து வரும். அப்பாவுக்கு வலது முழங்காலில் வலி இருந்தால் அவர் திரும்பும் கோணம் மாறும். மகன் அதைக் கலை என்று நினைத்துக் கற்றுக்கொள்வான். பேரன் அதற்கு ஒரு பொருளே கண்டுபிடித்துவிடுவான். இருபது மாணவர்கள் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து இது ஆசிரியரின் முழங்கால், இது கட்டா என்று பிரித்துவிடலாம். இதனாலேயே சொல்கிறேன், கென்கோ 20 பேரைக் கூட்டியது கலையைப் பரப்ப மட்டும் உதவியதாக நான் நினைக்கவில்லை. அது கலையைச் சரிபார்க்கவும் உதவியிருக்கும்.

முதலில் தொலைவது எது என்பதையும் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாக நினைக்கிறார்கள். கட்டாவின் வெளி வடிவம் கடைசியாகத்தான் போகும். காணொளியில் பதிந்துவிட்டால் அது போகவே போகாது. முதலில் போவது இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சிகள். எதிராளி கையைப் பிடிக்கும்போது எவ்வளவு அழுத்தம், எப்போது விட வேண்டும் என்பது போன்றவை. தொட்டுத்தான் கொடுக்க முடியும், தொட்டுத்தான் வாங்க முடியும். அடுத்து போவது புன்காய், அதாவது ஒவ்வொரு அசைவும் எதற்கு என்ற விளக்கம். அதற்கு அடுத்து போவது வரிசை, எதை எந்த வயதில் எதற்குப் பிறகு சொல்லித்தர வேண்டும் என்ற ஒழுங்கு. இந்த மூன்றும் போய், வடிவம் மட்டும் மிஞ்சினால் கலை உயிரோடு இருப்பது போலத்தான் வெளியே தெரியும்.

ஒகினாவாவின் அரசு இதைப் புரிந்துகொண்டது போலத் தெரிகிறது. 1997 முதல் கராத்தே, கோபுஜுட்சு (பழைய ஆயுதக் கலை) ஆசிரியர்களை மாவட்டத்தின் கலைச்சொத்தைத் தாங்குபவர்களாக அறிவிக்கிறார்கள். கட்டாவை ஏட்டில் பதிவு செய்வதைவிட மனிதரையே சொத்தாக அறிவிப்பது நல்ல வழி என்பேன். 2017இல் டோமிகுசுகுவில் ஒகினாவா கராத்தே கைகான் என்ற பெரிய மையத்தையும் திறந்தார்கள். வெளிநாட்டு மாணவர்கள் போய்ப் பல முறைகளின் ஆசிரியர்களிடம் நேரில் கற்க அது உதவுகிறது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் சான்றிதழ் வாங்கும் அவசரத்தில் இதைத் தவறவிட வேண்டாம்.

கேட்டவருக்கு ஒரு யோசனை. சகுமோட்டோ 1980களில் செய்த அனானின் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. கியூனா செய்த அனானும் கிடைக்கிறது. ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அதன் பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு, இடுப்பை மட்டும் பார்த்தபடி மறுபடி இரண்டையும் பாருங்கள். எங்கே ஒன்றாக இருக்கிறது, எங்கே மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உடூன்டியின் நடைப் பயிற்சி ஏதாவது கிடைத்தால் அதையும் அதே போல இடுப்பைப் பார்த்துக் கவனியுங்கள். குறித்தவற்றை உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய், கையைப் பிடித்துச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.